ஆளில்லாத சட்டிகள்

"சாமி, யார் வயித்துல அடிக்கறது?"

சிவக்கொழுந்து கேட்டாரு. கேட்டுட்டு பேனா மூடியைக் கடிச்சாரு.

கரண்டிச்சாமி கரண்டிக் காம்பால முதுகைச் சொறிஞ்சுகிட்டாரு.

குருன்னதும் தாடி, ஜடை, புலித்தோல்னு நெனச்சுறாதீங்க. இந்தக் குருவுக்கு நாப்பது வயசு. மொட்டைத் தலை, இடுப்புல கரி புடிச்ச துண்டு. ஆத்தங்கரை முகாம்ல கஞ்சி காய்ச்சறதுதான் அவரு தவம்.

சீடரு சிவக்கொழுந்து அவரைவிடப் பன்னண்டு வயசு மூத்தவரு. குமாஸ்தா வேலையை விட்டுட்டு ஞானம் வேணும்னு வந்தவரு. வந்து மூணு வருஷமாச்சு. கெடச்சது ஒரு நோட்டு. முகாம்ல யாராருக்குக் கஞ்சின்னு அதுல பேரு எழுதற வேலை.

அக்கரையில சண்டை. எதுக்குன்னு ஆரம்பிச்சவனுக்கே மறந்துபோச்சு. உசுரு மேல ஆசை இருக்கறவங்க படகேறி இக்கரைக்கு வந்துடறாங்க. அவங்களுக்கு அரிசி அனுப்ப எங்கியோ தூரத்துல ஒரு தரும சபை.

முன்னாடி மாசம் மூணு லாரி வரும். அப்புறம் ரெண்டாச்சு. இப்ப ஒண்ணு.

லாரி கொறையக் கொறைய, கூட வர்ற கடுதாசி மட்டும் நீண்டுகிட்டே போச்சு.

இந்த மாசம் நாலு பக்கம். மூணரைப் பக்கம் வருத்தம். கடைசி அரைப் பக்கத்துல விஷயம். நிதி இல்லை, நோட்டுல நாப்பது பேரை அடிச்சு லாரிக்காரர் கையிலயே குடுத்தனுப்பவும்.

லாரிக்காரர் ஜபருல்லா பாய் மரத்தடியில துண்டை விரிச்சுப் படுத்திருந்தாரு.

"வெயில் தாழ்றதுக்குள்ள நான் பாலம் தாண்டணும் அண்ணே. சட்டுனு எழுதிக் குடுங்க."

"சட்டுனு எழுத இது என்ன பாய், மளிகைச் சீட்டா?"

சிவக்கொழுந்து திரும்பவும் சாமிகிட்ட வந்தாரு.

"வயசானவங்களை அடிக்கவா? புள்ளைங்களை அடிக்கவா? பேனா என் கையில இருக்கு சாமி. பாவம் எனக்குத்தானே?"

"சாப்பிட வராதவங்க பேரை அடி."

சிவக்கொழுந்துக்கு முகம் மலர்ந்துபோச்சு. மூணு வருஷத்துல சாமி சொன்னதுல அவருக்குப் புரிஞ்ச மொத வார்த்தை அது.

*

அந்த முகாம்ல வெயில்ல ஆள் வரிசையா நிக்க மாட்டாங்க. சட்டிதான் நிக்கும்.

ஒவ்வொருத்தரும் ஆணியால பேரைக் கீறி, காலையிலயே வரிசையில வச்சுட்டு நிழலுக்குப் போயிடுவாங்க. அலுமினியத் தட்டு, பாதியா வெட்டின எண்ணெய் டின், தேங்காச் சிரட்டை. ஒருத்தர் சிப்பாயோட இரும்புத் தொப்பியை மல்லாத்தி வச்சிருப்பாரு. தலையைக் காப்பாத்தாத தொப்பி வயித்தைக் காப்பாத்துது.

சட்டியில இருக்கற பேரைப் பாத்து நோட்டுல எழுதறதுதான் சிவக்கொழுந்து வழக்கம். ஆளை அவரு பாத்ததே இல்ல.

அன்னிக்குத்தான் சத்தம் போட்டாரு.

"எல்லாரும் அவங்கவங்க சட்டிகிட்ட வந்து நில்லுங்க!"

வந்து நின்னாங்க. முப்பத்தெட்டு சட்டிக்கு ஆளே இல்ல.

சிவக்கொழுந்து மொதச் சட்டியைக் கையில எடுத்தாரு. பக்கத்துல நின்னது அக்கரையிலேர்ந்து வந்த மரியபுஷ்பம்.

"இது யாரு சட்டிம்மா?"

"எங்க அண்ணன் சூசைமுத்துது ஐயா."

"ஆள் எங்க?"

"அக்கரையில."

"அக்கரையில இருக்கறவருக்கு இக்கரையில கஞ்சியா? வாய் அம்புட்டு நீளமா?"

"வாய் கொஞ்சம் நீளம்தான் ஐயா. அதனாலதான் மாட்டிக்கிட்டாரு."

சுத்தி நின்னவங்க சிரிச்சாங்க. சிவக்கொழுந்து சிரிக்கல.

"எத்தனை மாசமா நடக்குது இந்த ஏமாத்து?"

"ஒம்பது மாசம். ஆனா ஐயா, அந்தச் சட்டி..."

அவரு கையைக் காட்டி நிறுத்திட்டாரு. பேரை அடிச்சாரு. சட்டியைத் தூக்கினாரு.

முப்பத்தெட்டையும் தூக்கி அடுப்படிக்குப் பின்னால கொண்டு போனாரு. கரண்டிச்சாமி கூடவே குந்தி, பெருசு அடியிலயும் சிறுசு மேலயுமா அடுக்கிக் குடுத்தாரு.

"பாத்தீங்களா சாமி? இன்னும் ரெண்டே பேருதான் பாக்கி. ஒருத்தர் வயித்துலயும் கை வைக்கல!"

"கெட்டிக்காரன்யா நீ," அப்படின்னாரு சாமி.

*

கஞ்சி எறக்கற நேரத்துல படகு வந்துது.

முப்பது பேருக்கு மேல. முழங்கால் வரைக்கும் நனைஞ்சு ஏறி வந்தாங்க. ஒருத்தி இடுப்புல சேவல். ஒருத்தர் தையல் மிஷினோட தலையை மட்டும் தோள்ல சுமந்துகிட்டு வந்தாரு.

வந்தவங்க நேரா வரிசைகிட்ட வந்து நின்னாங்க. வரிசை பல்லு போன வாய் மாதிரி இருந்துது.

கரண்டிச்சாமி கெடாரத்துல கரண்டியை விட்டாரு. ரொப்பி எடுத்துகிட்டு தையல்காரர் முன்னாடி போய் நின்னாரு.

தையல்காரர் மிஷினைக் கீழ வச்சுட்டு ரெண்டு கையையும் சேத்து நீட்டினாரு.

கஞ்சியில ஆவி பறந்துது.

"எங்க ஊத்தட்டும் கொழுந்து?"

"சட்டியில ஊத்துங்க சாமி."

"எந்தச் சட்டியில?"

சிவக்கொழுந்து அந்த நீட்டின கையைப் பாத்தாரு. புதுசா வர்றவங்க என்ன சாப்பிடறாங்கன்னு அவரு ஒரு நாளும் கேட்டதில்ல. நோட்டுல ஏறாதவங்களுக்கும் பசிக்கும்ங்கற நெனப்பே அவருக்கு வந்ததில்ல.

மரியபுஷ்பம்தான் சொன்னா.

"ஒரு சட்டி தேடிப் புடிச்சு, உங்க நோட்டுல பேரு ஏற எட்டு நாளாகும்ல ஐயா? அது வரைக்கும் புதுசா வர்றவங்க எங்க அண்ணன் சட்டி மாதிரி எதுலயாவது வாங்கிக் குடிப்பாங்க. நான் வந்த அன்னிக்கு வேலம்மான்னு பேர் கீறின சட்டியில குடிச்சேன்."

"யாரு வேலம்மா?"

"தெரியாது ஐயா. யாரோ அவங்களுக்காக வச்சிருந்தாங்க."

"வந்துட்டாங்களா?"

"நீங்க அடுக்கின அடுக்குல அடியில கெடக்குது, அவங்க சட்டி."

சிவக்கொழுந்து ஓடினாரு.

அம்பத்திரெண்டு வயசுல அவரு அப்படி ஓடி யாரும் பாத்ததில்ல. வேட்டியை மடிச்சுக் கட்டி, மார்போட சட்டியை அணைச்சு, ஒண்ணு விழ ஒண்ணு எடுக்க, எடுத்தது விழ, கடகடன்னு வந்தாரு. எது எங்க இருந்துதுன்னு தெரியாம கண்ட எடத்துல வச்சாரு.

"ஐயோ, எங்க மாமியார் சட்டியை எங்கிட்ட வைக்காதீங்க ஐயா! ரெண்டு பேருக்கும் ஆகாது!" ஒருத்தி கத்தினா.

"இருக்கட்டும் அக்கா. ஆளு வரட்டும், அப்புறம் சண்டை போட்டுக்கலாம்," அப்படின்னா மரியபுஷ்பம்.

கரண்டிச்சாமி ஊத்திகிட்டே வந்தாரு.

தையல்காரர் ஒரே மூச்சுல குடிச்சாரு. வாயைத் தொடச்சுகிட்டு சட்டியைத் திருப்பிப் பாத்தாரு.

"சூசைமுத்துங்கறது யாருங்க?"

"எங்க அண்ணன்," அப்படின்னா மரியபுஷ்பம்.

"அவரு நல்லாருக்கட்டும்."

அவ சேலைத் தலைப்பால மூக்கைத் தொடச்சுகிட்டா. "இன்னும் அரைக் கரண்டி வாங்கிக்கங்க. அண்ணன் அவ்வளவுல எந்திரிக்க மாட்டாரு."

*

எல்லாருக்கும் ஊத்தி முடிஞ்சுது. சிவக்கொழுந்து நோட்டோட வரிசை நடுவுல வந்து நின்னாரு.

"ஒளிக்க ஒண்ணுமில்ல. அரிசி கொறையப் போகுது. நாப்பது பேரை அடிக்கச் சொல்லிக் கடுதாசி வந்திருக்கு. நான் என்ன செய்யட்டும்? நீங்களே சொல்லுங்க."



"எல்லாருக்கும் கால் கரண்டி கொறைச்சு ஊத்துங்க," அப்படின்னா மரியபுஷ்பம். "சட்டியை மட்டும் எடுக்காதீங்க."

"இதுல இன்னும் கொறைச்சா கஞ்சியாடி அது? முகம் பாத்துத் தலை சீவலாம்!" அப்படின்னா பக்கத்துல நின்னவ.

"சீவிக்கோ. கண்ணாடி இல்லன்னு தெனம் அழுதியே."

ஒரே சிரிப்பு. புதுசா வந்தவங்களும் எதுக்குன்னு தெரியாமலே சிரிச்சாங்க. இரும்புத் தொப்பிக்காரருக்குப் பொறை ஏறிடுச்சு.

சிவக்கொழுந்து சாமியைப் பாத்தாரு. சாமி கெடாரத்தோட அடியைச் சுரண்டிகிட்டு இருந்தாரு. தலையே நிமிரல.

சரின்னு மரத்தடியில போய் உக்காந்து எழுதினாரு. எழுதி முடிச்சு நோட்டை ஜபருல்லா பாய் கையில குடுத்துட்டு, அடுப்படிப் பக்கம் போயிட்டாரு.

பாய் பக்கம் பக்கமாப் புரட்டினாரு. பின்னாலயே வந்தாரு.

"என்ன அண்ணே இது? அடிச்ச பேரையெல்லாம் திரும்ப எழுதியிருக்கீங்க?"

"ஆமா பாய்."

"நாப்பது கொறைக்கச் சொன்னா ஒண்ணு கூடியிருக்கு?"

"ஆமா."

"கடைசி வரியில நம்பர் இருக்கு, பேரைக் காணோம். இது யாருன்னு சபையில கேப்பாங்களே. என்னன்னு சொல்ல?"

சிவக்கொழுந்து ஒரு எண்ணெய் டின்னைச் சாம்பல் போட்டுத் தேச்சுகிட்டு இருந்தாரு. கழுவி, உதறி, வரிசையோட கடைசியில கொண்டு போய் வச்சாரு. ஒரு அடி தள்ளி நின்னு பாத்துட்டு, கொஞ்சம் நேரா நகத்தினாரு.

"வந்ததும் கேட்டு எழுதிக்கறேன்னு சொல்லுங்க பாய்."