மணல் மிதிக்காத கால்கள்

வாருங்கள், உட்காருங்கள். சின்னவர்கள் முன்னால், பெரியவர்கள் பின்னால். இந்தக் கதை பின்னால் உட்காருகிறவர்களுக்குத்தான், அதனால் யாரும் தூங்கிவிடாதீர்கள்.

நம் பாட்டனுக்குப் பாட்டன் பிறப்பதற்கும் வெகு முன்னால், கொற்றங்குடி என்று ஒரு சீமை இருந்தது. மகிழ்வண்ணன் என்ற ராஜா அதை ஆண்டான். நல்ல ராஜாதான், குறை சொல்ல மாட்டேன். குளம் வெட்டினான், சாலை போட்டான், பஞ்சம் வந்தால் ஊர் அழிந்துவிடக் கூடாதென்று பொதுவில் ஒரு களஞ்சியம் கட்டி விதைநெல் சேர்த்து வைத்தான். களஞ்சியத்தைக் காக்க ஈட்டி பிடித்த காவலர்களையும் வைத்தான்.

அந்த ஊரில் அரண்மனைக்காரர்களுக்கும் காவலர்களுக்கும்தான் செருப்பு. மற்றவர்கள் எல்லாரும் வெறுங்கால். காவலன் தெருவில் திரும்புவதற்குள் அவன் செருப்புச் சத்தம் வந்துவிடும், ஜனங்கள் ஒதுங்கி நிற்பார்கள்.

அங்கே இன்னொரு வழக்கமும் இருந்தது. அதற்குப் பெயர் மணல் மிதி. திருட்டுப் போன இடத்தில் கால்தடம் கிடைத்தால் அதன்மேல் ஒரு மண்சட்டியைக் கவிழ்த்து வைப்பார்கள். விடிந்ததும் பக்கத்தில் ஆற்று மணலைக் கொட்டிப் பரப்புவார்கள். ஊர்ச் சோறு தின்கிற எல்லாரும் அந்த மணலை மிதித்து நடக்க வேண்டும், இதுதான் சட்டம். தடம் பார்க்கிற சாத்தையன் ஒரு ஈர்க்குச்சியை வைத்து அளந்து, சட்டிக்கு அடியில் இருக்கும் தடத்தோடு ஒத்துப் பார்ப்பார். எவன் தடம் ஒத்துப்போகிறதோ அவன் பெண்டாட்டி பிள்ளைகளோடு பொழுது சாய்வதற்குள் ஆற்றைக் கடந்து போய்விட வேண்டும். பிறகு அந்த மண்ணை மிதிக்கவே கூடாது.

எல்லாரும் மிதிப்பார்கள் என்றேனே, காவலர்கள்? அவர்கள் ஈட்டியை ஊன்றிக்கொண்டு மணலைச் சுற்றி நிற்பார்கள். அவர்கள் மிதிக்க வேண்டாமென்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. மிதியுங்கள் என்று கேட்க யாருக்கும் வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

ஒரு வருஷம் மழை பொய்த்தது. வயல் வெடித்தது, குளம் வற்றியது, ஜனங்கள் வயிற்றைக் கட்டிக்கொண்டு களஞ்சியத்தை நம்பி இருந்தார்கள். அடுத்த மழைக்கு விதைக்க அதுதான் இருந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு நாள் காலையில் களஞ்சியத்தின் பின்சுவரில் ஓட்டை. விதைநெல் மூட்டைகளைக் காணோம். சுவரோரம் தண்ணீர்த் தொட்டி கசிந்த ஈரத்தில் ஒரே ஒரு வெறுங்கால் தடம், கட்டைவிரல் மற்ற விரல்களைவிட்டு நன்றாக விலகி.

மணல் கொட்டினார்கள். உழவன் மிதித்தான், குயவன் மிதித்தான், கோயில் குருக்களும் மிதித்தார். பனையேறி இருளப்பனும் மிதித்தான். அவன் பெண்டாட்டி சிலம்பாயி கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவன் பின்னாலேயே மிதித்தாள்.

பனையேறுகிறவன் காலில் தளைநார் போட்டு ஏறுகிறவன் அல்லவா? அவனுக்குக் கட்டைவிரல் விலகித்தான் இருக்கும். இருளப்பன் தடத்தைப் பார்த்ததும் சாத்தையன் குனிந்தார். ஈர்க்குச்சியை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

"விரல் விலகல் ஒத்துப்போகுது. நீளம்தான் நகக்கண் அளவு குறையுற மாதிரி இருக்கு" என்று இழுத்தார்.

காவல் தலைவன் சூரப்பனுக்கு அவசரம். "ஈரத்துல கால் வழுக்கினா தடம் நீளத்தான் செய்யும் பெரியவரே. வேற எவனுக்கு இந்த ஊர்ல விரல் இப்படி விலகியிருக்கு? எழுந்திரும்" என்றான்.

பெரியவர் எழுந்துவிட்டார். காவலர்கள் இருளப்பன் கையைப் பின்னால் கட்டினார்கள். அவன் பேசத் தெரியாதவன், பனை மரத்தோடு பேசிப் பழகியவன். பெண்டாட்டியை மட்டும் பார்த்தான்.

சிலம்பாயிக்கு உண்மை தெரியும். முதல் நாள் பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும்வரை அவன் காய்ச்சலில் கிடந்தான், அவள்தான் நெற்றிக்குப் பத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஆனால் பெண்டாட்டி சொல்லை எந்த ஊரில் சாட்சியாக எடுத்தார்கள்? ஆற்றுக்கு அந்தப் பக்கம் முள்ளுக்காடு. மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு அங்கே போய் எதைத் தின்பது? இன்னும் அரைப் பொழுதுதான் இருந்தது. அழுதால் அதுவும் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். குழந்தையை இன்னொருத்தி கையில் கொடுத்துவிட்டு நேரே சூரப்பன் முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, மணல் மிதி இன்னும் முடியலையே. மிதிக்காத கால் இருக்கே" என்றாள்.

"எவன் மிதிக்கலை?"

"நீங்கதான். உங்க ஆளுங்கதான்."

காவலர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சூரப்பன் மட்டும் சிரிக்கவில்லை. "திருடனைப் பிடிக்கிறவனைப் பார்த்துத் திருடனாங்கிற. போய் மூட்டை முடிச்சைக் கட்டு, போ" என்றான்.

அவள் மூட்டை கட்டப் போகவில்லை. மணலோரம் போட்ட பந்தலில் உட்கார்ந்திருந்த மந்திரியிடம் போனாள். மந்திரி விசிறிக்கொண்டே சொன்னார்: "காவலர்களை மணல்ல இறக்கினா அவங்க கௌரவம் என்னம்மா ஆவுறது?"

"மணல் மிதிச்சா கௌரவம் போயிடும்னா, ஊர்ல எங்க ஒருத்தருக்கும் கௌரவமே இல்லைங்கிறீங்களா ஐயா?" என்று கேட்டாள்.

மந்திரி விசிறியை மாற்றிப் பிடித்தார்.

அவள் அங்கேயும் நிற்கவில்லை. அதே பந்தலில் ராஜா உட்கார்ந்திருந்த இடத்துக்கே போய்விட்டாள். கருப்பட்டி காய்ச்சுகிறவள், முழங்கைவரை கரி. அந்தக் கரியோடு, தலை குனியாமல் நின்றாள். நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

ராஜா கேட்டான்: "காவலர்கள் மேலேயே சந்தேகப்பட்டா நாளைக்கு ஊரை யார் காக்கிறது?"

"எங்க எல்லார் மேலயும் சந்தேகப்பட்டுத்தானே மகாராஜா மணல் கொட்டினீங்க. நாளைக்கு யார் விதைக்கிறதுன்னு யோசிச்சீங்களா?"

ராஜாவுக்கு முகம் சுருங்கியது. சூரப்பன் பாய்ந்து முன்னால் வந்தான். "மகாராஜா, நான் சும்மா இருக்கலை. என் ஆட்களை எல்லாம் கொட்டடிக்குள்ள கூப்பிட்டு, கதவைச் சாத்தி, நானே விசாரிச்சுட்டேன். ஒருத்தனும் எடுக்கலைன்னு சத்தியம் பண்ணிட்டாங்க. விசாரணை முடிஞ்சுபோச்சு."

சிலம்பாயி அவனைப் பார்த்தாள். பிறகு ராஜாவைப் பார்த்துச் சொன்னாள்:

"அப்படின்னா சரி மகாராஜா. நானும் என் புருஷனைக் குடிசைக்குள்ள கூப்பிட்டு, கதவைச் சாத்தி, நானே விசாரிச்சுட்டேன். எடுக்கலைன்னு சத்தியம் பண்ணிட்டார். எங்க வீட்லயும் விசாரணை முடிஞ்சுபோச்சு. கட்டை அவுத்துவிடச் சொல்லுங்க."

கூட்டத்தில் முதலில் ஒருத்தன் சிரித்தான். அப்புறம் ஊரே சிரித்தது. சிரிப்பு அடங்கியபோது எல்லாரும் காவலர்களின் காலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ராஜாவுக்குக் கோபம்தான். ஆனாலும் நியாயம் தெரிந்தவன் கோபம். "காவலர்களை மணல்ல இறக்குறேன். ஒரு காலும் ஒத்துப்போகலைன்னா, காவலர்களை அவமானப்படுத்தினதுக்கு உனக்குத் தனியா தண்டனை உண்டு. பிள்ளைகளை ஊர்ல விட்டுட்டு நீங்க ரெண்டு பேரும் போகணும். சம்மதமா?" என்றான்.

இருளப்பன் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தால் மனசு உடைந்துவிடும் என்று சிலம்பாயி திரும்பவே இல்லை.

"சம்மதம் மகாராஜா. ஒத்துப்போகலைன்னாலும், எல்லாரும் மிதிச்சாங்கன்னு நெனச்சுட்டுப் போவேன். ஒருத்தர் மிதிச்சு ஒருத்தர் மிதிக்காத மணலுக்கு மட்டும் நான் கட்டுப்பட மாட்டேன்" என்றாள்.

அப்போது ராஜா என்ன செய்தான் தெரியுமா? எழுந்தான். தங்கச் சரிகை வைத்த செருப்பைக் கழற்றினான். "நானும் ஊர்ச் சோறுதான் திங்கிறேன்" என்று சொல்லிவிட்டு, மணலில் இறங்கி நடந்தான். மந்திரியும் விசிறியை வைத்துவிட்டு இறங்கினார். ராஜாவே இறங்கிய பிறகு ஈட்டிக்காரர்கள் என்ன செய்ய முடியும்? ஒவ்வொருவராகச் செருப்பைக் கழற்றினார்கள்.

முதல் காவலன் மிதித்தான், ஒத்துப்போகவில்லை. இரண்டாம் காவலன் மிதித்தான், ஒத்துப்போகவில்லை. மூன்றாவதாக நல்லகண்டு என்பவன் முறை வந்தது. அவன் காலில் முள் என்றான், செருப்பு வார் சிக்கிக்கொண்டது என்றான், தலை சுற்றுகிறது என்றான்.

"வேலை தெரிஞ்ச பையன் மகாராஜா. அவனுக்கு நான் பொறுப்பு" என்றான் சூரப்பன்.

"நீ மிதிச்சா உன் தடம்தானே விழும். அவன் மிதிக்கட்டும்" என்றான் ராஜா.

நல்லகண்டு மிதித்தான். சாத்தையன் குனிந்தார். கட்டைவிரல் விலகியிருந்தது. ஈர்க்குச்சியை வைத்தார், நீளம் சரி. அகலம் சரி. குதிகால் வெடிப்பு சரி. மூன்று தடவை அளந்தார். இந்தத் தடவை அவரை அவசரப்படுத்த யாரும் இல்லை.

"மகாராஜா, தப்பு என்னுது" என்று கிழவர் கையெடுத்துக் கும்பிட்டார். "விரல் விலகின கால்னா பனையேறின்னே நெனச்சுட்டேன். வருஷக்கணக்கா செருப்பு வாரை விரல் நடுவுல மாட்டினாலும் விரல் விலகும்னு எனக்குத் தோணவே இல்லை. செருப்புக் கால் எதுவும் என் மணலுக்கு வந்ததே இல்லையே."

நல்லகண்டு அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டான். செருப்புத் தடம் விழுந்தால் காவலன் என்று தெரிந்துவிடும், வெறுங்கால் தடம் விழுந்தால் ஊரான் எவன் தலையிலாவது விடியும் என்றுதான் கழற்றிவிட்டுப் போனானாம். "தலைவர்கிட்ட விடியறப்பவே சொல்லிட்டேன். பாத்துக்கிறேன்னார்" என்றும் சொன்னான். அவன் வீட்டு வைக்கோல் போருக்குள்ளிருந்து மூட்டைகள் வந்தன.

சூரப்பன் அப்போதும் விடவில்லை. "மகாராஜா, சின்னப் பையன், புத்தி தடுமாறிட்டான். எச்சரிச்சு வடக்கு வாசல் காவலுக்கு மாத்திடலாம்" என்றான்.

"இருளப்பனை எந்த வாசலுக்கு மாத்தச் சொன்னே?" என்று கேட்டான் ராஜா.

சூரப்பனின் ஈட்டியை வாங்கிக் கீழே வைக்கச் சொன்னான். திருடியவனுக்கும் தெரிந்தே மறைத்தவனுக்கும், ஊரானுக்கு என்ன தண்டனையோ அதே தண்டனை: குடும்பத்தோடு, பொழுது சாய்வதற்குள், ஆற்றுக்கு அந்தப் பக்கம்.

இருளப்பன் கட்டை அவிழ்த்துவிட்டார்கள். சிலம்பாயி ஓடிப்போய் அவன் மணிக்கட்டைத் தேய்த்துவிட்டாள். அப்போதுதான் அழுதாள், அதுவும் கொஞ்சம்தான். ராஜா அவளைக் கூப்பிட்டு, என்ன வேண்டுமோ கேள் என்றான். நிலம் கேட்பாள், பொன் கேட்பாள் என்று ஊர் காத்திருந்தது.

கூட்டத்தின் ஓரத்தில் நல்லகண்டுவின் பெண்டாட்டி இரண்டு பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காலையில் சிலம்பாயி நின்ற மாதிரியேதான் நின்றாள். சிலம்பாயி அவளைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"இந்தச் சட்டத்துல ஒரு பாதியை எடுத்துடுங்க மகாராஜா. தப்புப் பண்ணினவன் போகட்டும். அவன் பெண்டாட்டியும் பிள்ளைகளும் என்ன பண்ணினாங்க? காவலன் வீட்டுக்குன்னு கேக்கலை. ஊரான் வீட்டுக்கும் சேர்த்துத்தான் கேக்குறேன்."

ராஜா அப்படியே சட்டத்தை மாற்றினான். பொழுது சாய்வதற்குள் சூரப்பனும் நல்லகண்டுவும் மட்டும் ஆற்றில் இறங்கினார்கள், வெறுங்காலோடு. அவர்களுடைய பெண்டாட்டிமார் பிள்ளைகளோடு ஊரிலேயே இருந்தார்கள். அடுத்த மழைக்கு அவர்களுக்கும் விதைநெல் கிடைத்தது.

அதற்குப் பிறகு கொற்றங்குடியில் எப்போது மணல் கொட்டினாலும் காவலர்கள்தான் முதலில் செருப்பைக் கழற்றினார்கள். தொடக்கத்தில் முணுமுணுத்தார்கள். போகப் போக அதுவே அவர்களுக்குப் பெருமையாகிவிட்டது. வெளியூர்க் காவலன் எவனாவது மீசையை முறுக்கினால், "நாங்க மணல் மிதிச்சுட்டு ஈட்டி பிடிக்கிறவங்க. நீ மிதிச்சிருக்கியா?" என்று கேட்பார்களாம். ஜனங்களும் செருப்புச் சத்தம் கேட்டு ஒதுங்கி நிற்பதை விட்டுவிட்டார்கள். காவலன் வந்தால் நின்று, சாப்பிட்டாயா என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

கேட்டவர்கள் மனசில் வையுங்கள்: ஊரைக் கேள்வி கேட்கிற சட்டம், ஊரைக் காக்கிறவனையும் அதே கேள்வியைக் கேட்டால்தான் அது நியாயம்.