முன்காலின் எடை

முகூர்த்தம் இல்லாத நாட்களில் மட்டும் அந்தக் கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் கராத்தே வகுப்பு நடக்கும். எத்தனை முறை கழுவினாலும் தரையில் லேசாகப் பாயச வாசனை இருக்கும். கோவில்பட்டியில் கால் வீசிப் பழக அதைவிடப் பெரிய கூடம் கிடைக்கவில்லை.

ஒரு நாள் காலை, எல்லோரும் போன பிறகும் உலகநாதன் போகாமல் நின்றார்.

“மாஸ்டர், ஒரு சந்தேகம்.”

“கேளுங்க அண்ணாச்சி.”

மாஸ்டரின் பெயர் எஸ்தர். வயது முப்பத்தொன்று. உலகநாதனுக்கு நாற்பத்து நான்கு. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், பிரவுன் பெல்ட்காரர். மூத்தவர் என்று அவள் அவரை அண்ணாச்சி என்பாள். கற்றுத் தருகிறவள் என்று அவர் அவளை மாஸ்டர் என்பார். இருவருக்கும் அதில் கூச்சம் கிடையாது.

“என் முன்கால் கிக் ஏன் யார் மேலயும் பட மாட்டேங்கு?”

கேள்வி நியாயமானதுதான். உலகநாதனிடம் இருந்த ஒரே ஆயுதம் அந்த முன்கால் உதை. ஆறு வருடங்களுக்கு முன்னால் எட்டயபுரம் சாலையில் ஒரு லாரி அவருடைய பைக்கை இடித்துவிட்டுப் போனது. வலது கால் முறிந்து உள்ளே பிளேட் வைத்தார்கள். அதிலிருந்து வலது காலை உயர்த்தி உதைக்க வராது. எனவே இடது காலை முன்னால் வைத்து நிற்பார், அதையே தூக்கி உதைப்பார். வீட்டு மாடியில் மணல் மூட்டை கட்டித் தொங்கவிட்டு, தினமும் ஐநூறு உதை. மூட்டை இரண்டு முறை கிழிந்துவிட்டது. ஆனால் எதிரே மனிதன் நின்றால் ஒன்றும் படுவதில்லை.

பிளாக் பெல்ட் தேர்வில் இரண்டு முறை தவறிவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது முறை. அதிலும் ஒரு புள்ளிகூட எடுக்காவிட்டால் பச்சை பெல்ட்டிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். சங்கத்தின் விதி அப்படி.

“தஸ்லிமுக்கு நான் நினைக்கதுக்கு முன்னாடியே தெரிஞ்சு போவுது மாஸ்டர். வேகம் பத்தலையோ?”

தஸ்லிம் செல்போன் கடைக்காரர். வகுப்பில் உலகநாதனோடு மோதுகிறவர்.

“பச்சை பெல்ட் கட்டுனா என்ன குறைஞ்சு போச்சு அண்ணாச்சி?” என்று கேட்டாள் எஸ்தர்.

அவர் தன் பெல்ட்டின் முடிச்சை இறுக்கிக்கொண்டார்.

“வீட்ல கேஸ் சிலிண்டரை இன்னும் என் வீட்டுக்காரிதான் தூக்குதா. நான் கிட்டப் போனாலே ‘கால் கால்’னு கத்துதா. பிளாக் பெல்ட்டைக் காட்டுனாத்தான் வாயை மூடுவா.”

எஸ்தர் சிரிக்கவில்லை. “நாளைக்கு அரை மணி நேரம் முன்னாடியே வாங்க,” என்றாள்.

மறுநாள் அவள் மருந்துக் கடையிலிருந்து எடை பார்க்கும் மெஷின் ஒன்றை இரவல் வாங்கி வந்திருந்தாள். அதைத் தரையில் வைத்தாள். மணவறைப் பக்கம் போய், மாப்பிள்ளை உட்காரும் மணையைத் தூக்கி வந்து, இரண்டு காலும் ஒரே உயரத்தில் இருக்க அதற்குப் பின்னால் போட்டாள்.

“முன்கால் மெஷின்ல. பின்கால் மணையில. ஃபைட்டுக்கு நிக்கிற மாதிரி நில்லுங்க.”

உலகநாதன் நின்றார். முழு எடை எழுபத்தாறு கிலோ. முள் ஐம்பத்தொன்றில் போய் நின்றது.

“லேசாத்தான் நிக்கேன் மாஸ்டர்.”

“முள்ளு அப்படிச் சொல்லலையே.”

“மெஷின் கோளாறா இருக்கும்.”

“இருக்கட்டும். இப்ப அந்தக் காலைத் தூக்குங்க.”

அவர் முதலில் உடம்பைப் பின்னால் சாய்த்தார். தோள் போனது, தலை போனது, அதற்கப்புறம்தான் கால் வந்தது. தஸ்லிமுக்கு முன்கூட்டியே தெரிந்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ரயில் வருவதற்கு முன் கேட் மூடுகிற மாதிரி அத்தனை ஏற்பாடு.

“முள்ளைப் பத்துக்குக் கொண்டு வாங்க,” என்றாள்.

ஐம்பது, நாற்பத்தைந்து, நாற்பது. நெற்றி வியர்த்தது. முப்பதுக்கு வந்ததும் நின்றுவிட்டார்.

“இதுக்கு மேல முடியாது மாஸ்டர். பிளேட் வச்ச காலு.”

“டாக்டர் என்ன சொன்னாரு?”

“எலும்பு நல்லா ஒட்டிட்டு, ஓடலாம், குதிக்கலாம்னாரு.”

“எப்ப சொன்னாரு?”

“அஞ்சு வருசம் இருக்கும்.”

அவள் குனிந்து மெஷினை எடுத்து ஓரமாக வைத்தாள்.

உலகநாதன் படியேறினால் இடது கால் முதலில் போகும். வலது பின்னாலேயே வந்து அதே படியில் சேர்ந்துகொள்ளும். நடக்கும்போது சுடுதரையை மிதித்தவர்போல வலது காலைச் சட்டென்று எடுத்துவிடுவார். எஸ்தர் இதையெல்லாம் எப்போதோ பார்த்துவிட்டாள். ஒருமுறை வாய்விட்டுச் சொல்லவும் செய்தாள். “என் காலைப் பத்தி யாரும் பேச வேண்டாம்” என்று சொல்லிவிட்டு அவர் ஒரு வாரம் வகுப்புக்கே வரவில்லை. அதற்கப்புறம் அவள் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

மூன்று நாட்கள் அதே மெஷின், அதே மணை. முள் முப்பதைத் தாண்டி இறங்கவில்லை. உலகநாதனுக்கு அதன்மேல் கோபமே வந்துவிட்டது.

நான்காம் நாள் அவர் வந்தபோது மணை முன்னாலும் மெஷின் பின்னாலும் கிடந்தன.

“என்ன மாஸ்டர், மாத்திப் போட்டுட்டீங்க?”

“நின்னு பாருங்க.”

நின்றார். மூன்று நாளாகப் பழகிய அதே நிலை. திரும்பிக் குனிந்து முள்ளைப் பார்த்தார். கணக்குப் பிடிபடாமல் மறுபடி பார்த்தார்.

“நாப்பத்தாறா?”

“நாப்பத்தாறு.”

“வலது காலா இவ்வளவு தாங்குது?”

“மெஷின் கோளாறா இருக்கும்,” என்றாள் எஸ்தர்.

உலகநாதனுக்கு ஆசை வந்துவிட்டது. இன்னும் எவ்வளவுதான் தாங்கும் என்று பார்க்கிற ஆசை. ஐம்பது வைத்தார். வலிக்கவில்லை. அறுபது வைத்தார். தொடை நடுங்கியது, கால் மடங்கவில்லை. அறுபத்தைந்து. மூச்சைப் பிடித்துக்கொண்டார். எழுபது.

“மாஸ்டர்... இடது கால் தானா எந்திரிக்கி.”

“எந்திரிக்கட்டும்.”

இடது கால் மணையை விட்டு மேலே வந்தது. தோள் சாயவில்லை, தலை அசையவில்லை. முள் எழுபத்தாறைத் தொட்டு நின்றது. முழு உலகநாதனும் அந்த ஒற்றைக் காலில் இருந்தார். அவருக்குக் கண் கலங்கியது. வியர்வை என்று துடைத்துக்கொண்டார்.

அன்று தஸ்லிமின் வயிற்றில் முதல் உதை பட்டது. “எப்ப அண்ணாச்சி தூக்குனீங்க?” என்று தஸ்லிம் வயிற்றைத் தடவிக்கொண்டே கேட்டார். உலகநாதனுக்கே அது சரியாகத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைத் தேர்வில் எதிரே வந்தவர் தூத்துக்குடிக்காரர், நல்ல உயரம். முதல் சுற்றில் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் சுற்றில் அவர் குத்துவதற்கு வேகமாக உள்ளே வந்தார். வந்த இடத்தில் உலகநாதனின் முன்கால் ஏற்கெனவே காத்திருந்தது. மணல் மூட்டையை உதைத்ததில் பாதி பலம்கூட அதில் இல்லை. நடுவர் கையைத் தூக்கினார். ஒரு புள்ளி. அது போதுமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை அவர் புதுக் கறுப்பு பெல்ட்டோடு வகுப்புக்கு வந்தார்.

“சிலிண்டர் என்னாச்சு அண்ணாச்சி?”

“நேத்துதான் வந்துச்சு. வாசல்லயிருந்து அடுப்படி வரைக்கும் நான்தான் தூக்கிட்டுப் போனேன். பெல்ட்டை எடுத்துக் காட்டவே மறந்துட்டேன் மாஸ்டர்.”

எஸ்தர் மெஷினைத் திருப்பிக் கொடுப்பதற்காகத் துணிப்பையில் போட்டுக்கொண்டிருந்தாள். உலகநாதன் கிட்டே வந்தார்.

“இன்னொரு சந்தேகம் மாஸ்டர்.”

“கேளுங்க.”

“முத நாளே மெஷினைப் பின்கால்ல வச்சிருந்தா, மூணு நாள் மிச்சமாயிருக்குமே?”

எஸ்தர் பையின் வாயைச் சுருட்டிக் கட்டினாள்.

“நீங்க கேட்டது முன்காலைப் பத்தித்தானே அண்ணாச்சி.”