கரைக்குக் கேட்காத கச்சேரி

சிப்பிக்குடா என்ற சின்னக் கடற்குடாவில் வருஷத்துக்கு ஒருநாள் பாட்டுத் திருவிழா நடக்கும். துடுப்புப் போடும்போது பாடுகிற அம்பாப் பாட்டுகளைக் கேட்க ஏழு ஊர்ச் சனம் கூடும்.

ஒரு வருஷம், அந்த நிலத்துக்குச் சொந்தக்காரரான ஜமீன்தார் வீரகேசரி தானும் பாடப்போவதாகச் சொல்லிக்கொண்டு பல்லக்கில் வந்து இறங்கினார். காய்ந்த மணலில் தோணியை இழுக்கிற மாதிரி குரல் அவருக்கு. முதல் அடியைப் பாடி முடிப்பதற்குள் ஓர் அலை வந்து அடித்தது, பாட்டு அமுங்கிப்போயிற்று.

"நான் பாடும்போது கடல் வாயை மூட வேண்டும். இல்லையென்றால் இனிமேல் இங்கே திருவிழாவே கிடையாது" என்றார் ஜமீன்தார்.

ஊர்த்தலைவர் கூட்டத்துக்குள் பின்வாங்கினார். வலை பின்னுகிற ரொசாரியம்மாள்தான் முன்னால் வந்து கும்பிட்டாள்.

"ஐயா, அலை கரைக்கு வந்தாத்தான் கத்தும். உள்ளே போயிட்டா வாயே திறக்காது. எங்க வீட்டுக்காரர் தோணியோட நிக்கிறார், ஏறுங்க."

ஜமீன்தார் மிடுக்காக ஏறினார். கரை வெறும் கோடாகத் தெரிகிற தூரத்தில் தோணி நின்றது. கடல் கப்சிப். ஜமீன்தார் தனக்குத் தெரிந்த நாற்பது பாட்டையும் மனங்குளிரப் பாடித் தீர்த்தார். கரையிலோ திருவிழா அமர்க்களமாக நடந்தது.

சாயங்காலம் திரும்பி வந்தவர், "எப்படி என் பாட்டு?" என்று கேட்டார்.

"ஒரு குறைகூட எங்க காதுல விழலைங்க, ஐயா" என்றாள் ரொசாரியம்மாள்.

பூரித்துப்போன ஜமீன்தார், வருஷாவருஷம் திருவிழா நடக்க வேண்டும், தான் அதே இடத்தில் பாட வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

தோணியிலிருந்து தள்ளாடி இறங்கிய அவள் புருஷன் சவரிமுத்து, "அடுத்த வருஷம் நான் வலை பின்னுறேன், நீ துடுப்புப் போடு" என்றான்.