சவரிராயர் கட்டிய கோயில்

கொன்றைவிளைக் கிறிஸ்தவப் பங்கில் கோயிலையும் பள்ளிக்கூடத்தையும் ஊர்க்காரர்கள் மண் சுமந்து ஒரே வருஷத்தில் கட்டினார்கள். பள்ளிச் சுவரில் பதித்த கல்லிலும் அப்படித்தான் எழுதியிருந்தது. நூற்றாண்டு விழா நெருங்கியதும், பங்குப் பேரவைத் தலைவர் இன்னாசிமுத்து அந்தக் கல்லைப் பெயர்க்கச் சொன்னார்.

"ரெண்டையும் கட்டுனது எங்க தாத்தா சவரிராயர். இல்லேன்னு சொல்றவங்க, கட்டும்போது கண்ணால பார்த்த ஆளைக் கூட்டிட்டு வாங்க."

நூறு வருஷத்துக்கு முந்தியதைப் பார்த்தவரை எங்கே தேடுவது? பேரவை கூடியிருந்த கோயிலுக்குள் பங்குச்சாமியாரும் உட்கார்ந்திருந்தார்.

கோயிலைப் பெருக்கிக்கொண்டிருந்த ஞானப்பூ விளக்குமாற்றைச் சாத்தி வைத்தாள். மண் சுமந்தவர்களில் அவள் குடும்பமும் உண்டு.

"ஐயா, உங்க தாத்தா வெளியூர்ல பிறந்து இங்க வந்தவருன்னு சொல்லுதாங்களே?"

தலைவருக்குச் சுருக்கென்றது. "எவன் சொன்னது? அவர் இந்த ஊர்லதான் பிறந்தார். பிறந்த எட்டாம் நாள் இதே கோயில்ல ஞானஸ்நானம். சாமி, பதிவேட்டை எடுத்து வாசிங்க."

சாமியார் வாசித்தார். தலைவர் சொன்னபடியே இருந்தது.

"அப்படின்னா எட்டு நாள் பிள்ளையாத் தூக்கிட்டு வந்தப்பவே கோயில் நின்னிருக்கு" என்றாள் ஞானப்பூ. "பிறகு அவரு எப்பய்யா கட்டுனாரு?"

தலைவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

விழாவன்று அந்தக் கல்லுக்கு மாலை போட ஞானப்பூவைத்தான் சாமியார் கூப்பிட்டார்.