பெஞ்சை எங்கே போடுவது

மாசிலாமணிக்கு அறுபத்திரண்டு வயது. அவருடைய குரு பிலோமினா டீச்சருக்கு நாற்பத்தாறு. பால்வாடி நடத்துகிறவர். பக்கத்துக் குடியிருப்பில் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பித்து, சாக்கடை ஓடிய இடத்தில் காய்கறிச் சந்தையைக் கொண்டுவந்தவர். கற்றுக்கொள்வதற்கு வயசாவது ஒன்றாவது!

அன்று மாசிலாமணி கண் கலங்கி வந்தார்.

"டீச்சர், எங்க குடியிருப்புச் சங்கத்துக்கு ரெண்டு தடவை கூட்டம் போட்டேன். யாரும் வரல. இன்னிக்கு சாயங்காலம் முப்பது பேர் சேரலைன்னா சங்கத்தைக் கலைச்சிடுவாங்க. சங்கம் இல்லைன்னா எங்க மைதானம் கார் நிறுத்துற இடமாயிடும்."

"நீங்க என்னென்ன செஞ்சீங்க?"

"எல்லாமே செஞ்சேன். குப்பைமேடா கிடந்த இடம் டீச்சர் அது. எது எங்கன்னு நானே பிளான் வரைஞ்சேன், ஆள் வச்சு செடி நட்டேன், பெயிண்ட் அடிச்சேன், பெஞ்சு போட்டேன். யாருக்கும் ஒரு சிரமம் குடுக்கல. 'நல்லாருக்கு சார்'ங்கறாங்க, போயிடறாங்க. நான் பொறந்த இடம் டீச்சர்..."

சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது, பாவம். டீச்சர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்கண்ணே, போய்ப் பாப்போம்."

மைதானத்து ஓரக் குழாயடியில் பெண்கள் குடத்தோடு நின்றிருந்தார்கள். டீச்சர் நேராகப் போய், சுவரோர நிழலில் இருந்த இரும்பு பெஞ்சின் ஒரு முனையைத் தூக்கினார்.

"அந்தப் பக்கம் பிடிங்க."

இருவருமாகக் கொண்டுபோய் நட்டநடுப் பாதையில், கொளுத்தும் வெயிலில் போட்டார்கள். மாசிலாமணிக்கு மானமே போயிற்று.

"யாரும்மா நீ? அங்க போட்டா குடத்தைத் தூக்கிட்டு எப்படிப் போறது?" என்று ஒருத்தி குடத்தை இறக்கிவிட்டு வந்தாள்.

"வேற எங்க போடலாம்?"

"குழாய்கிட்ட போடு. நின்னு நின்னு காலு ஓயுது."

"அய்ய, அங்க ஒரே சேறு!" என்று எதிரே இருந்த தையல்கடைக்காரர் எழுந்து வந்தார். "முதல்ல தண்ணி போக வாய்க்கா வெட்டணும்."

"வெட்டேன், யாரு வேணாங்கறா?" என்றாள் குடத்துக்காரி.

மண்வெட்டி வந்தது. பெஞ்சு நாலு இடம் மாறியது. காச்மூச்சென்று சத்தம். கூட்டம் இருபதைத் தாண்டிவிட்டது.

குடத்துக்காரி தையல்கடைக்காரரைக் கைகாட்டியபடி மாசிலாமணி பக்கம் திரும்பினாள். "சார், சாயங்காலம் கூட்டம் எத்தனை மணிக்கு? இந்த ஆளை அங்க வச்சுப் பேசிக்கறேன்!"

மாசிலாமணிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"நான் எல்லாத்தையும் பார்த்துப் பார்த்துச் செஞ்சேனே டீச்சர். எனக்கு வராதவங்க, நீங்க ஒரு பெஞ்சைத் தப்பா போட்டதுக்கு வந்துட்டாங்களே!"

"ஆமாண்ணே," என்றார் டீச்சர், மெதுவாக. "அவங்க வந்து செய்யறதுக்கு நீங்க எதையாவது மிச்சம் வச்சீங்களா?"