நகம் தட்டும் இடம்

“நான் போகமாட்டேன்” என்றார் தணிகாசலம்.

எதிரில் பூரணத்தம்மா உட்கார்ந்திருந்தார். ஆசிரமத்தின் குரு அவர். தணிகாசலத்துக்கு மகள் வயதுதான் இருக்கும்.

முப்பது வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதித்து, டிக்கெட் இல்லாதவர்களை இறக்கிவிட்ட மனிதர் தணிகாசலம். இப்போது அவரையே இறங்கச் சொல்கிறார்கள்.

குற்றம் இதுதான். சாயங்காலம் அலுமினிய அண்டாவில் வாங்கிவைக்கும் பால், காலையில் அடுப்பில் ஏற்றியதும் திரிந்துவிடுகிறது. ஐந்து நாளாக இதே கதை. அண்டா கழுவுவது, உபதேசம் வேண்டிப் பதினோரு மாதமாக இங்கே தங்கியிருக்கும் தணிகாசலம். பாத்திரம் கழுவத் துப்பில்லாதவருக்கு உபதேசம் ஒரு கேடா, வெள்ளிக்கிழமை மூட்டையைக் கட்டட்டும் என்று சமையற்கட்டு முடிவு செய்துவிட்டது. சமையற்கட்டு முடிவு செய்தால் சாமியே கேட்கவேண்டியதுதான்.

“சரியா கழுவலைன்னு சொல்றவங்க என் கையை வந்து பாக்கட்டும். கம்பி நாரு, செங்கல் பொடி, எல்லாம் போட்டாச்சு. பால் திரியத் திரிய இன்னும் அழுத்தித் தேய்ச்சேன். நேத்து மட்டும் ஒரு மணி நேரம்.”

“அண்டாவைக் கொண்டாங்க.”

கொண்டுவந்து வைத்தார். சத்தம் கேட்கும்படியேதான் வைத்தார்.

“கண்ணை மூடிக்கிட்டு உள்பக்கம் நகத்தை ஓட்டுங்க.”

ஓட்டினார். நகம் தட்டித் தட்டிப் போயிற்று.

அம்மா தன் எவர்சில்வர் செம்பை நகர்த்தினார். “இதுல?”

வழுக்கிக்கொண்டு போயிற்று.

“பாலைத் திரிக்கிற கிருமிக்கு நகத்தளவு இடம்கூட வேண்டாம். கீறலுக்குள்ள போய் உக்காந்துக்கும். மேல எவ்வளவு தண்ணி ஊத்தினாலும் அதுக்கு ஒண்ணும் ஆகாது. சரி, அந்தக் கீறலைப் போட்டது யாரு?”

தணிகாசலத்துக்கு வெட்கமாகப் போய்விட்டது. தன் கையைப் பார்த்துக்கொண்டார்.

“அப்ப வெள்ளிக்கிழமை கிளம்பறீங்களா?”

தணிகாசலம் எழுந்துவிட்டார். துண்டை உதறித் தோளில் போட்டார். அப்போதுதான் அந்தப் பதினோரு மாதமும் நினைவுக்கு வந்தது. உபதேசம் கேட்ட போதெல்லாம் நாலு பேர் எதிரில் மட்டம் தட்டி அனுப்பியவர் இந்த அம்மா. “உபதேசத்துக்கு டிக்கெட் எடுத்தீங்களா?” என்று கேட்டு ஊரையே சிரிக்கவைத்தார் ஒரு நாள். அன்று ராத்திரி சாப்பிடாமல் படுத்த தணிகாசலம், விடிந்ததும் அண்டாவைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குத்தான் போனார்.

தணிகாசலம் மறுபடி உட்கார்ந்தார். இந்தத் தடவை சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

“பதினோரு மாசமா என்னைத் தேய்ச்சது யாரும்மா?”

அம்மாவின் கை செம்பின்மேல் அப்படியே நின்றது.

“வந்தப்ப நான் வழவழன்னுதான் இருந்தேன். அப்ப இந்த உபதேச ஆசை ஒரு கழுவுல போயிருக்கும். இப்ப கீறலுக்குள்ள உக்காந்துக்கிச்சு, போகாது.”

அம்மா அவரையே பார்த்தார். பிறகு சமையற்கட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

“பாலுக்குப் புதுப் பாத்திரம் எடுங்க.”

“அப்ப அந்தப் பழசு?” என்று கேட்டது உள்ளேயிருந்து ஒரு குரல்.

“அது போகாதாம்.”