ஆனைக்கெண்டைக்காக ஓர் அவசரக் கூட்டம்

பசியே இல்லாத நாரை மீன் பிடித்தால் அதற்கு என்ன பெயர், சொல்லுங்கள் பார்ப்போம்? விளையாட்டாம்!

காட்டாற்று மடுவில் அந்த விளையாட்டுக்கென்றே ஒரு சங்கம் இருந்தது. தலைவர் நாரையார், செயலாளர் நீர்நாய். வயிறு முட்டத் தவளையும் கெளுத்தியும் தின்றுவிட்டு வருவார்கள். ஆனைக்கெண்டை மீன்களில் பெரிதாகப் பார்த்துப் பிடிப்பார்கள். பாறையில் கிடத்தி, தலையிலிருந்து வால்வரை அளந்து, எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்த பிறகு தண்ணீரில் விட்டுவிடுவார்கள். அப்படிப் பிடித்ததில் எதையும் தாங்கள் தின்பதில்லை என்பதில் அவர்களுக்கு அப்படி ஒரு பெருமை.

விட்ட மீன் என்ன ஆனது என்று மட்டும் யாரும் பார்த்ததில்லை. வாய் கிழிந்த மீன் இரை எடுக்க முடியாமல் செத்தது. முட்டை சுமந்த மீன் வயிறு நசுங்கிச் செத்தது.

கடைசியில் மடுவில் முட்டையோடு மிஞ்சிய ஆனைக்கெண்டை செம்பி ஒருத்திதான். வெயில் ஏறுவதற்குள் மேலே கூழாங்கல் துறைக்குப் போய் முட்டையிட வேண்டும் என்று கிளம்பினாள். போகிற வழியில் நீர்நாய் லபக்கென்று பிடித்துக்கொண்டது.

அன்றைக்குத்தான் நாரையார் அவசரக் கூட்டம் போட்டிருந்தார். ஆனைக்கெண்டை இனமே அழிகிறதே என்ற கவலை. ஆதாரம் காட்ட, நீர்நாய் செம்பியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது.

நாரையார் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசினார். மழை சரியில்லை என்றார். எதிர்ப்பாறையில் கிடக்கும் முதலைதான் எல்லாவற்றையும் தின்று தீர்த்தது என்றார். அந்த முதலையோ ஒரு மீன் தின்றால் பத்து நாள் அசையாது.

"நீர்நாயண்ணே, முதல்ல என்னைத் தண்ணியில விடுங்க. மூச்சு முட்டுது" என்றாள் செம்பி.

"இரும்மா. உனக்காகத்தானே இவ்வளவும் பேசுறோம். தீர்மானம் முடியட்டும்."

முட்டைகள் பாறையில் உதிர்ந்தன. கூட்டத்துக்கு வந்தவர்களில் வயிறு நிறைந்தது எறும்புகளுக்குத்தான்.

தன் பெயர் மூன்றாம் தடவை அடிபட்டதும் முதலை கண்ணைத் திறந்தது. "என்னையா கூப்பிட்டீங்க?" என்று கேட்டுக்கொண்டே நீந்தி வந்து கரையேறியது. தலைவர் பறந்தார். செயலாளர் செம்பியைக் கீழே போட்டுவிட்டு ஓடினார். அவள் உருண்டு, துள்ளி, தண்ணீருக்குள் விழுந்தாள். பாதி முட்டையாவது மிச்சம் இருந்தது.

முதலை நேற்றுத்தான் சாப்பிட்டிருந்தது. கொட்டாவி விட்டு அங்கேயே படுத்துக்கொண்டது.

நாரையார் விடவில்லை. மரத்து உச்சியில் நின்று தீர்மானத்தின் கடைசி வரியையும் வாசித்தார்: அடுத்த வாரம் செம்பியை மறுபடி தூக்கி, அவள் நலமாக இருக்கிறாளா என்று பார்ப்பது.

ஒருவர்மேல் உண்மையிலேயே அக்கறை இருந்தால், பேச வாயைத் திறக்கும் முன் பிடித்த கையை எடுக்க வேண்டும்.

இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கச் செம்பிக்கு நேரமில்லை. துறைக்குப் போகிற அவசரத்தில் முதலையிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்:

"மாமா, அடுத்த வாரமும் கொஞ்சம் இங்கேயே வந்து படுத்துக்குங்களேன்."